ஆறா, பன்னிரண்டா

கூட்டுறவுத் தானியக் கிடங்கின் பின்னறை.
வடக்கு டகோட்டா, பிப்ரவரி, சனிக்கிழமை.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே மூன்று தொப்பி, ஒரு காப்பிப் பானை,
தீராத வழக்கு ஒன்று.

வெர்லின் ஹௌக்ஸ்டாட் ஆறு கட்சி.
"ஆறு வோல்ட்டில் பிறந்த டிராக்டர்
ஆறு வோல்ட்டிலேயே சாகட்டும்.
நாற்பத்தேழில் என் பார்மாலைப் பூட்டியவன்
என்ன முட்டாளா?"

டெல்மர் க்ளிமெக் பன்னிரண்டு கட்சி.
"முட்டாள் இல்லை. வேறு கிடைக்கவில்லை அவனுக்கு.
அவன் காலத்தில் கக்கூஸும் வெளியேதான் இருந்தது.
நீ மட்டும் ஏன் வீட்டுக்குள் கட்டினாய்?"

இந்த வழக்குக்குத் தமிழில் உள்ள வசதி
பாவம், இவர்கள் மொழியில் இல்லை.
ஆறு என்றால் எண். ஆறு என்றால் ஓடும் நீர்.
சூட்டைத் தணி என்று அதட்டினாலும் ஆறு.
பன்னிரண்டைக் கொஞ்சம் பிரித்துச் சொன்னால்
பன்னி ரெண்டு வந்து உறுமும்.
டெல்மரிடம் நிஜமாகவே உண்டு, முந்நூறு.
அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

"கேபிளைத் தடிமனாகப் போடு, கட்டைவிரல் அளவு.
முனைகளைச் சுரண்டு.
பெயின்ட்டின் மேல் எர்த் அடித்துவிட்டு
பேட்டரியைத் திட்டாதே" என்பார் வெர்லின்.
பதினொரு வருடமாக இதே வாக்கியம்.
முற்றுப்புள்ளிகூடத் தேய்ந்துவிட்டது.

எர்த்தில் கட்டுவது பாசிட்டிவையா, நெகட்டிவையா?
அதற்குள் நான் போகமாட்டேன்.
போன ஒரு மைத்துனர்
இன்றுவரை கிறிஸ்துமஸுக்கு வருவதில்லை.

மூலையிலிருந்து ஆர்விட், மெல்ல:
"எட்டு."
எட்டு வோல்ட் பேட்டரி என்று ஒன்று உண்டு,
சமாதானத்துக்காகவே செய்ததுபோல.
இரண்டு கட்சியும் அன்றைக்குத்தான்
முதன்முதலாக ஒன்றுபட்டன,
ஆர்விடை எதிர்த்து.

லாவோன் பானையை ணங்கென்று வைத்தாள்.
"வாயால் எந்த எஞ்சினும் ஓடாது.
டிரெய்லரில் ஏற்றி வந்தது எதற்கு? போங்கள்."

போனார்கள்.

வெர்லினின் பார்மால்
ர்ர்ர்... என்றது. ர்ர்... என்றது.
அப்புறம் மரியாதையான மௌனம்.
"யோசிக்கிறது," என்றார் வெர்லின்.

டெல்மருடையதில் புத்தம்புது ஆல்டர்னேட்டர்.
பேட்டரியை மட்டும் பழைய பழக்கத்தில்
தலைகீழாகக் கட்டியிருந்தார்.
புகை வந்தது, எஞ்சினிலிருந்து அல்ல.
"இதில் பன்னிரண்டின் குற்றம் எதுவுமில்லை."
"யாரும் சொல்லவில்லையே,"
என்றார் வெர்லின், இருபது வயது குறைந்து.

ஆர்விடின் ஆலிஸ்-சால்மர்ஸ்
ஒரே இருமலில் கிளம்பிற்று.
விளக்கிரண்டும் ஆயுளில் காணாத பிரகாசம்.
காலை பத்து மணிப் பனியிலும்
மஞ்சளாக விழுந்தன இரு வட்டங்கள்.
பட்.
பட்.
ஆறுக்கென்று பிறந்த பல்புகள்.
"பார்த்தாயா!" இருவரும் ஒரே குரலில்.
எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
அதை யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

லாவோன் கையுறையை இழுத்துவிட்டு
தன் ஜான் டீரின் பக்கச் சக்கரத்தைப் பிடித்தாள்.
நாற்பதாம் வருடத்து மாடல். பேட்டரியே கிடையாது.
ஒரு தள்ளு.
இன்னொரு தள்ளு.
ஒரு கெட்ட வார்த்தை, நார்வே மொழியில்.
டப்... டப்... டப்டப்...

"பூஜ்யம்," என்றாள்
வோல்ட்டைச் சொல்வதுபோல,
மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு.

மேக்னெட்டோவிலும் வோல்ட் உண்டு, ஆயிரக்கணக்கில்,
என்று சொல்ல வாயைத் திறந்தார் டெல்மர்.
குளிர் உள்ளே போனதும் மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தால் பின்னறை இருட்டு.
பேட்டரி சார்ஜர், எஞ்சின் ஹீட்டர், காப்பிப் பானை
எல்லாவற்றையும் யாரோ
ஒரே ப்ளக்கில் செருகியிருக்கிறார்கள்.
இதுவரை யாருமே வாதிடாத
அந்த நூற்றுப்பத்து வோல்ட்
போய்விட்டிருந்தது.

காப்பி ஆறிப்போயிருந்தது.
ஒரு மிடறு விழுங்கிய வெர்லின் மட்டும்
வழக்கை வென்றவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்,
ஏனென்று அவருக்கே தெரியாமல்.